பயனற்ற கம்பிகள்

ஒரு பொருள் பயனற்றது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? அதைச் செய்தவனுக்கா, வைத்திருப்பவனுக்கா, நாளைக்கு வாங்கப் போகிறவனுக்கா? வேதாந்த வகுப்பில் கேட்க வேண்டிய கேள்விபோல் இது தோன்றலாம். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன்மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தால் போதும். இந்தக் கேள்வி அங்கே கம்பி கம்பியாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

எம்.ஜி.பி. என்று ஒரு கார். ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்னும் சிற்றூரில் இருந்த தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை அது உற்பத்தியாயிற்று. இரண்டு பேர் உட்காரலாம். தலைக்கு மேலே மடக்கி வைக்கக்கூடிய துணிக் கூரை. இரும்புக் கூரை போட்ட ஜி.டி. வகையையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கார் அந்நியம். ஆனால் அதன் என்ஜின் முழுக்க அந்நியமன்று. நம்முடைய அம்பாஸிடரை நெடுங்காலம் இழுத்த 1489 சி.சி. என்ஜினும், எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. என்ஜினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் "பி" வரிசையில் பிறந்தவை. மூத்தவன் வங்காளத்துக்கு வந்து குடும்பஸ்தனாகி டாக்ஸி ஓட்டினான். இளையவன் அமெரிக்கக் கடற்கரைச் சாலைகளில் காற்று வாங்கினான். அந்தக் காருக்கு மின்சாரச் சாமான்கள் கொடுத்த லூகாஸ் கம்பெனியும் நமக்குப் புதிதன்று. 1961-ஆம் ஆண்டில் டி.வி.எஸ். நிறுவனத்தாரோடு சேர்ந்து சென்னையில் லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலையைத் தொடங்கியது அதே கம்பெனிதான்.

இந்தக் காரைப் பழுது பார்க்கிறவர்கள் முதலில் ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும். அது நிறங்களின் மொழி. பழுப்புக் கம்பி பேட்டரியிலிருந்து நேராக வருவது; சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகும் அதில் மின்சாரம் நிற்கும். வெள்ளைக் கம்பி சாவியைத் திருப்பினால்தான் உயிர் பெறும். பச்சை, சாவிக்கும் கட்டுப்பட்டது, ப்யூஸுக்கும் கட்டுப்பட்டது. ஊதாவுக்கு ப்யூஸ் உண்டு. சாவிக்கு அது அடங்காது. நீலம் பெரிய விளக்குகளுக்கு. சிவப்பு பக்கத்து விளக்குகளுக்கும் பின்விளக்குகளுக்கும். கறுப்பு என்றால் எர்த். ஒவ்வொரு நிறத்தின் மேலும் மெல்லிய வேறு நிறக் கோடுகள் ஓடும். அவை குடும்பப் பெயருக்குப் பிறகு வருகிற சொந்தப் பெயர்கள் மாதிரி. இத்தனை கம்பிகளையும் சேர்த்துச் சுற்றிச் சடைபோல் பின்னி என்ஜினின் ஓரமாக ஓட விட்டிருப்பார்கள்.

அரை நூற்றாண்டு கடந்த ஒரு காரில் இந்தச் சடையைப் பிரித்துப் பார்த்தால், எங்கும் போய்ச் சேராத முனைகள் பல தொங்கும். எதற்கும் இணையாத கம்பிகள். இவற்றை என்ன செய்வது? வெட்டி எறிவதா, விட்டு வைப்பதா?

பதில் சொல்வதற்கு முன்னால், அவை ஏன் அப்படித் தொங்குகின்றன என்று கேட்க வேண்டும். காரணம் ஒன்றல்ல.

சில கம்பிகள் பிறக்கும்போதே சும்மா இருக்கப் பிறந்தவை. கம்பிச் சடை பின்னுகிற தொழிற்சாலையில் பெரும்பாலும் வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பின்னுவதில்லை. நீண்ட சாலையில் என்ஜினின் சுழற்சியைக் குறைத்து ஓட உதவும் ஓவர்டிரைவ் என்ற சாதனத்தை எம்.ஜி.பி.யில் பல ஆண்டுகள் தனிப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. பனிமூட்ட விளக்குகளும் அப்படித்தான். இம்மாதிரிச் சாதனங்களை வேண்டாம் என்று சொன்னவன் காரிலும் அவற்றுக்கான கம்பி காத்திருக்கலாம். வராத விருந்தாளிக்காகப் போட்ட இலை அது.

வேறு சில கம்பிகள் பின்னால் வந்தவை. ஒருவர் ரேடியோ வைத்தார். அடுத்தவர் அதைக் கழற்றிவிட்டுத் திருட்டைத் தடுக்கும் மணி வைத்தார். மூன்றாமவர் அந்த மணி நள்ளிரவில் தானாக அலறியதால் அதையும் பிடுங்கி எறிந்தார். பொருள்கள் போய்விட்டன, அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவந்த கம்பிகள் போகவில்லை. மனிதர்கள் வீடு மாறும்போது சாமான்களை எடுத்துக்கொண்டு ஆணிகளைச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போவதில்லையா?

மூன்றாவது வகை விசித்திரமானது. செத்துப்போன ஒரு சட்டம் விட்டுச் சென்ற கம்பி அது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

விபத்துகளில் மனிதர்கள் சாவதைக் குறைக்க அமெரிக்க அரசாங்கம் ஒரு விதி செய்தது. 1974-ஆம் வருஷ மாடல் கார்களில், முன் ஆசனத்தில் உட்கார்ந்தவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டால்தான் என்ஜினைக் கிளப்ப முடியும்படி ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆசனத்துக்கு அடியில் பாரத்தை உணரும் ஒரு ஸ்விட்ச். பெல்ட்டின் கொக்கியில் ஒரு ஸ்விட்ச். இரண்டையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு சிறு பெட்டி. முதலில் உட்கார வேண்டும், பிறகு பெல்ட் மாட்ட வேண்டும், அதன் பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். வரிசை மாறினால் கார் அசையாது. அமெரிக்காவுக்குப் போன எம்.ஜி.பி.களுக்கும் இந்தப் பெட்டி பொருத்தப்பட்டது.

நோக்கம் நல்லதுதான். பெல்ட் உயிரைக் காக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். பக்கத்து ஆசனத்தில் கடைச் சாமான் பையை வைத்தால்கூட, யாரோ பெல்ட் மாட்டாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணிக் கார் கிளம்ப மறுத்தது. பலர் மெக்கானிக்கிடம் சொல்லி அந்த ஏற்பாட்டையே முறியடித்தார்கள். கடைசியில் அமெரிக்கக் காங்கிரஸ் பணிந்தது. 1974 அக்டோபரில் ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கட்டாயத்தை ஒழித்தது. இனி எச்சரிக்கை மணிகூட எட்டு விநாடிக்கு மேல் அடிக்கும்படி அரசாங்கம் வற்புறுத்தக் கூடாது என்று அதில் எழுதி வைத்தார்கள்.

சட்டம் போயிற்று. கம்பி இருந்தது. அது எங்கே இருந்தது என்பதுதான் முக்கியம். சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் வழியின் நடுவிலே அது இருந்தது. வேண்டாத விதியின் வேண்டாத பெட்டிதானே என்று அதைப் பிடுங்கி எறிந்தவனுடைய கார் மறுநாள் காலையில் கிளம்பாது. அந்தப் பெட்டியின் வழியாகத்தான் மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் இருபுறத்து முனைகளையும் கண்டுபிடித்து ஒன்று சேர்த்துவிட்டு எடுக்க வேண்டும். இறந்துபோன சட்டம் உயிருள்ள பாதையில் குறுக்கே படுத்திருந்தது. பிணம்தானே என்று இழுத்துப் போட்டால் பாதையும் சேர்ந்து அறுந்துவிடும்.

சீர்திருத்தம் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தச் சிறு பெட்டியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சீர்திருத்தம் வேண்டாம் என்கிறவர்களும் பார்க்க வேண்டும். இருவருக்கும் அதில் பாடம் இருக்கிறது.

ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் 1929-ல் வெளியான தம் கட்டுரை நூல் ஒன்றில் ஒரு வேலியைப் பற்றிச் சொல்கிறார். சாலைக்குக் குறுக்கே ஒரு வேலி நிற்கிறது. "இதனால் ஒரு பயனும் தெரியவில்லை, எடுத்துவிடலாம்" என்கிறான் ஒருவன். "பயன் தெரியவில்லை என்றால் உன்னை எடுக்க விடமாட்டேன்; போய் யோசித்து, இது எதற்காகப் போடப்பட்டது என்று தெரிந்துகொண்டு வந்து சொல், அப்போது ஒருவேளை எடுக்க அனுமதிப்பேன்" என்கிறான் புத்திசாலி. கருத்து இதுதான். பழமையின் பக்கம் நிற்கிறவர்கள் இந்த உவமையை மிகவும் விரும்புவார்கள். ஆனால் அதன் பின்பாதியை அவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். காரணம் தெரிந்த பிறகு வேலியை எடுக்கலாம் என்பதும் அதில் அடக்கம். "தெரிந்துகொள்ளாமல் எடுக்காதே" என்ற சொல்லை, "தெரிந்துகொள்ளாமலே வைத்திரு" என்று திருத்திக்கொள்ளக் கூடாது. கம்பியை ஆராயாமல் வெட்டுகிறவனும், ஆராயாமல் விட்டு வைக்கிறவனும் ஒரே வேலையைத்தான் தட்டிக் கழிக்கிறார்கள்.

விட்டு வைப்பதில் என்ன கெடுதி என்று கேட்கலாம். தூங்குகிறதைத் தட்டி எழுப்புவானேன்?

கம்பி தூங்குகிறது என்று யார் சொன்னது? பழுப்புக் கம்பியை நினைத்துப் பாருங்கள். அதன் முனையில் இருந்த சாதனம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே போயிருக்கும். ஆனால் பேட்டரி இருக்கிற வரையில் அதில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். நடுவில் ப்யூஸும் இல்லை. வருஷக் கணக்கில் என்ஜினின் சூட்டில் காய்ந்து, மேலுறை வெடித்து, ஒரு நாள் செம்பு வெளியே தெரிந்து, காரின் இரும்பு உடம்பில் படும். 12 வோல்ட் பேட்டரி மனிதனுக்கு ஷாக் அடிக்காது. அதனால் அதைச் சாது என்று நினைக்கிறோம். எர்த்தில் நேராகப் பட்டால் அதே சாது ஒரு கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைப் பொழியும். மெல்லிய கம்பி பழுத்துச் சிவக்கும். பக்கத்தில் பெட்ரோல் குழாய் இருக்கிறது. பிறகு என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஆகையால் பயனற்றது என்பதும் தீங்கற்றது என்பதும் ஒன்றல்ல. விளக்குப் போன பிறகும் மின்சாரம் போகாத கம்பிகள் உண்டு.

மனிதர்களுடைய வீடுகளிலும் இந்தப் பழுப்புக் கம்பி ஓடுகிறது. இரண்டு தாயாதிக் குடும்பங்கள். தாத்தாக்கள் காலத்தில் ஒரு கிணற்றுப் பங்குக்காகச் சண்டை. அந்தக் கிணறு தூர்ந்துவிட்டது. சண்டை போட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பேரன்மார்களைக் கேட்டால் சண்டை எதற்கு என்றுகூடத் தெரியாது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை அந்த வீட்டுக்குப் போவதில்லை. எதிரே வந்தால் இவர்கள் தெருவின் மறுபக்கம் போகிறார்கள். "எங்கள் வழக்கம்" என்கிறார்கள். முனையில் விளக்கு இல்லை. மின்சாரம் மட்டும் இருக்கிறது. என்றைக்காவது ஒரு வாலிபனும் ஒரு பெண்ணும் தெரியாமல் அதைத் தொட்டுவிட்டால் இரண்டு வீடும் பற்றி எரிகிறது. இந்தக் கம்பியை மரியாதை என்ற பெயரில் விட்டு வைத்த பெரியவர்கள் அந்தத் தீக்குப் பொறுப்பாளிகள் அல்ல என்று சொல்ல முடியுமா?

ஆனால் எல்லாக் கம்பியும் பழுப்பல்ல. ஓவர்டிரைவுக்காகக் காத்திருக்கும் கம்பி வேறு ஜாதி. தூரத்து உறவினர் ஒருவருக்கு வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிற மனிதரை எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் என்ன லாபம் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். லாபம் ஒன்றும் இல்லைதான். ஆனால் அந்த வழி திறந்திருக்கிறது. ஒரு கஷ்டகாலம் வந்தால், அல்லது ஒரு சந்தோஷம் வந்தால், அந்த வழியாக ஏதாவது போகலாம், வரலாம். அதை வெட்டிவிட்டால் பிறகு வேண்டும்போது சடை முழுவதையும் பிரித்துத்தான் திரும்பப் போட வேண்டியிருக்கும். இன்றைய உபயோகம் ஒன்றையே அளவுகோலாக வைத்து வெட்டுகிறவனுக்கு, செத்த கம்பிக்கும் காத்திருக்கும் கம்பிக்கும் வித்தியாசம் தெரியாது.

கம்பியை எடுப்பதா வைப்பதா என்ற கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. யாருக்காக எடுக்கிறோம் என்பது அது. பழைய கார்க் கண்காட்சிகளில் முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள் சொந்தக்காரர்கள். உள்ளே ஒரு கம்பிகூடக் கண்ணில் படாது. கண்ணாடிபோல் மின்னும். சிலர் நிஜமாகவே வேண்டாதவற்றைப் பொறுமையாக ஆராய்ந்து எடுத்திருப்பார்கள். வேறு சிலரோ கம்பிகளை எடுக்காமல், சக்கர மறைப்புத் தகட்டுக்குப் பின்னால் தள்ளி ஒளித்து வைத்திருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒளித்து வைத்த கம்பி, தொங்குகிற கம்பியைவிடப் பொல்லாதது. தொங்குவதையாவது அடுத்தவன் பார்த்து எச்சரிக்கையாக இருப்பான். ஒளித்ததை அவன் அறியவே மாட்டான். வெட்டுகிறவன், விட்டு வைக்கிறவன், மறைக்கிறவன் ஆகிய மூவரில் என்னால் மன்னிக்க முடியாதவன் மறைக்கிறவன்தான். மற்ற இருவரும் தவறு செய்தாலும் கண்ணுக்குத் தெரியும்படி செய்கிறார்கள்.

அசல் என்ற வார்த்தையை இங்கே சிலர் கொண்டுவருவார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த கம்பி ஒன்றைக்கூடத் தொடலாகாது, தொட்டால் கார் அசல் தன்மையை இழந்துவிடும் என்பார்கள். இது பழைய வழக்கு. கட்டடங்களைப் பற்றி முன்பே நடந்த வழக்கு. பிரான்ஸில் வியோலே-லெ-டுயுக் என்ற கட்டடக் கலைஞர், பழைய கோட்டைகளையும் கோயில்களையும் அவை எந்தக் காலத்திலும் இருந்திராத அளவுக்குப் பூரணமாக்கிவிடலாம் என்று கருதினார். இங்கிலாந்தில் ரஸ்கின் அதை ஒரு பொய் என்று கண்டித்தார். அவர் வழி வந்த வில்லியம் மாரிஸ் 1877-ல் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கமே தொடங்கினார். சுரண்டிப் புதுப்பிப்பதை எதிர்த்ததால் அதற்குச் "சுரண்டல் எதிர்ப்பு" என்று ஒரு செல்லப் பெயரும் வந்தது. எம்.ஜி. என்ற இரண்டு எழுத்து மாரிஸ் காரேஜஸ் என்பதன் சுருக்கம். அந்த மாரிஸின் பெயரும் வில்லியம்தான். இருவருக்கும் உறவில்லை. ஒருவர் பழையதைத் தொடாதே என்று சங்கம் வைத்தார். மற்றவர் புதியதை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளினார். இப்போது அந்தப் புதியது பழையதாகிவிட்டது. முதல் மாரிஸின் கேள்வி இரண்டாம் மாரிஸின் வண்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

1964-ல் வெனிஸ் நகரில் கூடியவர்கள் இந்த வழக்குக்கு ஒரு நடுவழி கண்டார்கள். ஊகம் ஆரம்பிக்கிற இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும்; ஒவ்வொரு காலமும் சேர்த்ததற்கு மதிப்பளிக்க வேண்டும்; புதிதாக வைத்தது புதிது என்று தெரிய வேண்டும் என்று தங்கள் சாசனத்தில் எழுதினார்கள். பிற்காலத்தில் பழைய மோட்டார் வண்டிகளுக்காக எழுதப்பட்ட டூரின் சாசனமும் இந்த வழியைத் தழுவியது.

எது அசல் என்று ஒரு நீதிமன்றமே விசாரித்ததுண்டு. 1929-லும் 1930-லும் பிரான்ஸ் தேசத்து லெமான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி கார் ஒன்று. "ஓல்ட் நம்பர் ஒன்" என்பது அதன் பெயர். அதை ஒரு கோடி பவுனுக்கு விலை பேசிய பிறகு, வாங்க இருந்தவர்கள் இது அந்தக் காரே அல்ல என்றார்கள். பந்தயத்தில் ஓடிய பாகங்கள் அதில் மிகச் சொற்பம் என்பது வாஸ்தவம். 1990-ல் லண்டனில் இந்த வழக்கைக் கேட்ட நீதிபதி ஆட்டன், அந்தக் காருக்கு அறுபடாத சரித்திரம் இருக்கிறது, ஆகவே இது அதே கார்தான் என்று தீர்ப்பளித்தார். பாகங்கள் மாறலாம், கதை அறுபடக் கூடாது. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட இனிக்கும் தீர்ப்பு வேறு என்ன இருக்க முடியும்?

இந்தத் தீர்ப்பை ஒப்புக்கொண்டால் கம்பிக்கும் ஒரு வழி பிறக்கிறது. கம்பியை எடுப்பது காரைக் கொல்லாது. எடுத்ததைச் சொல்லாமல் இருப்பதுதான் அதன் கதையை அறுக்கும்.

நல்ல தொழிலாளி இதை எப்படிச் செய்கிறான் என்று பாருங்கள். முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுகிறான். கம்பிகளின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்கிறான். தொங்கும் முனையைக் கண்டவுடன் கத்தரியை எடுப்பதில்லை. அந்தக் கம்பி புறப்படும் இடம் வரையில் சடையைப் பிரித்துக்கொண்டு போகிறான். உள்ளே ஒரே கம்பியிலிருந்து மூன்று நான்கு கிளைகள் பிரிந்திருக்கும். கிளை எது, அடிமரம் எது என்று தெரியாமல் வெட்டினால் ஒரு விளக்கை நிறுத்தப் போய் ஹாரனையும் நிறுத்த வேண்டி வரும். கண்ணுக்குத் தெரிகிற முனையை மட்டும் வெட்டுவதும் அவனுக்குச் சம்மதமில்லை; வெட்டிய இடத்தில் உயிர் இருக்குமே! ஆகவே ஆரம்பத்தில் பிரித்து எடுக்கிறான். காத்திருக்கும் கம்பியாக இருந்தால் முனைக்கு உறை போட்டு மடித்துச் சடையோடு கட்டி வைக்கிறான். எடுத்த கம்பியைச் சுருட்டி, எங்கிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதிக் கட்டி, ஒரு பெட்டியில் போடுகிறான். வரைபடத்திலும் ஒரு குறி. பேட்டரியைத் திரும்ப இணைத்த பிறகு ஒவ்வொரு விளக்கையும் போட்டுப் பார்க்கிறான்.

அந்தச் சீட்டு யாருக்கு? முகம் தெரியாத அடுத்த சொந்தக்காரனுக்கு. அவன் இன்னும் பிறந்திருக்கக்கூட மாட்டான். அவனிடம் இவன் கூலி வாங்கப் போவதில்லை, புகழும் வாங்கப் போவதில்லை. "நான் இதை எடுத்தேன், இன்ன காரணத்துக்காக எடுத்தேன், உனக்கு வேண்டுமானால் இதோ இருக்கிறது" என்று அவனுக்குச் சொல்லிவிட்டுப் போகிறான். ஒழுக்கம் என்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது. தெரிந்தவர்களிடம் ஒழுங்காக நடப்பதற்கு வெட்கமும் பயமும் போதும். தெரியாதவனுக்காக ஒரு சீட்டு எழுதி வைப்பதற்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். பயனற்றது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை செய்தவனுக்கும் இல்லை, வைத்திருப்பவனுக்கும் அவன் வைத்திருக்கிறான் என்ற ஒரே காரணத்தால் இல்லை. கம்பியின் இரண்டு முனைகளையும் கையில் பிடித்துப் பார்த்தவனுக்குத்தான் அந்த உரிமை உண்டு. பார்த்த பிறகு வெட்ட வேண்டியதை வெட்டாமல் விடுகிற உரிமை அவனுக்கும் இல்லை.